கீமோ வார்டு செவிலியர்களும் கருவுறுதலும்: டியூட்டி விதியில் எதை எழுத வேண்டும்?

டேகேர்_இன்சார்ஜ்

மாவட்ட அளவிலான ஒரு கீமோ (புற்றுநோய் மருந்து செலுத்தும்) டேகேருக்கு டியூட்டி விதி எழுத்தில் தயாராகிறது. 10 படுக்கை. மருந்து கலக்கத் தனி அறை இல்லை, ஸ்டாஃப் நர்ஸ்களே கலக்கிறார்கள். பெரும்பாலோர் 25-லிருந்து 35 வயதுக்குள் இருப்பவர்கள். வரைவில் இப்போதைக்கு ஒரே வரிதான் இருக்கிறது: "கர்ப்பம் உறுதியானவர் எழுதிக் கொடுத்தால் வேறு வார்டுக்கு மாற்றப்படுவார்."

இது போதாது என்று படுகிறது. எந்த வாரத்திலிருந்து ஆபத்து? கையுறையும் கவுனும் போட்டால் போதுமா? தாய்ப்பால் கொடுப்பவர்கள், ஆண் செவிலியர்கள் பற்றி என்ன எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொதுவாக "ஜாக்கிரதையாக இருக்கவும்" என்றில்லாமல், அப்படியே விதியில் சேர்க்கிற மாதிரி வேண்டும்.

தொழில்நல_மருத்துவர்

உங்கள் முதல் கேள்வியிலேயே அந்த வரி அடிபட்டுப் போகிறது. கருத்தரித்த 3-ம் வாரத்திலிருந்து 8-ம் வாரம் வரைதான் கருவின் உறுப்புகள் உருவாகின்றன. நரம்புக் குழாய் 28-ம் நாள் வாக்கில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், வீட்டில் டெஸ்ட் பார்த்து, ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்து, அதன் பிறகு கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதுவதற்குள் கடைசி மாதவிடாயிலிருந்து 7, 8 வாரம் ஆகிவிடும். கருவின் கணக்கில் அது 5, 6 வாரம். மிக ஆபத்தான நாட்களில் பாதிக்கு மேல் அவர் கீமோ அறையிலேயே கழித்திருப்பார்.

ஏன் இந்த மருந்துகள்? இவை வேகமாகப் பிரியும் செல்லைத் தேடி அழிக்கவே செய்யப்பட்டவை. அந்த வாரங்களில் கரு முழுவதுமே வேகமாகப் பிரியும் செல்கள்தான். சைக்ளோபாஸ்பமைடு டிஎன்ஏ இழையில் ஒட்டிக்கொண்டு அதைக் குறுக்காகப் பிணைக்கிறது. மெத்தோட்ரெக்சேட் ஃபோலேட் பாதையை அடைக்கிறது, நரம்புக் குழாய் மூடத் தேவைப்படுவதும் அதே ஃபோலேட்தான். சைக்ளோபாஸ்பமைடு கருமுட்டை இருப்பையும் குறைக்கும். சிகிச்சை பெறும் பெண்களிடம் இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

செவிலியருக்குப் போகும் அளவு நோயாளிக்குப் போவதில் துளிக்கும் துளி, அதை மறுக்கவில்லை. ஆனால் நோயாளிக்குச் சில சுற்றுகளில் முடிந்துவிடுகிறது, செவிலியருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. "இந்த அளவுக்குக் கீழே கருவுக்குப் பாதிப்பில்லை" என்று சொல்ல இந்த மருந்துகளுக்கு அமெரிக்காவில்கூடப் பணியிட வரம்பு நிர்ணயிக்கப்படவில்லை.

ஆண்களையும் சேர்த்து எழுதுங்கள். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும். குழந்தைக்கு முயற்சி செய்யும் ஆண் செவிலியர், மருந்தாளுநர் யாராக இருந்தாலும் குறைந்தது 3 மாதம் முன்பே மாற்றுப் பணி கேட்க விதியில் இடம் வேண்டும்.

ஆன்கோ_சீனியர்

டாக்டர் சொல்வது சரிதான், ஆனால் அளவோடு பேசுவோம். கருச்சிதைவு பற்றி எல்லோரும் எடுத்துக்காட்டும் ஃபின்லாந்து ஆய்வு 1985-ல் வந்தது. அது 1970-களில் திறந்த மேசையில் மருந்து கலந்த காலத்துக் கர்ப்பங்கள் பற்றியது. இன்றைக்கு அதே ஆபத்து என்று சொன்னால் புதுப் பிள்ளைகள் கீமோ பக்கமே வரமாட்டார்கள். நைட் டியூட்டி, நின்றே வேலை பார்ப்பது, இவையும்தான் கருச்சிதைவுக்குக் காரணமாகின்றன. எல்லாவற்றையும் மருந்தின் மேலேயே போட்டுவிட முடியாது.

தொழில்நல_மருத்துவர்

நியாயமான கேள்வி. 17 ஃபின்லாந்து மருத்துவமனைகளின் செவிலியர்களிடம் நடந்த அந்த ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்துகளைக் கையாண்டவர்களுக்குக் கரு இழப்பு வாய்ப்பு விகிதம் 2.3, அதாவது கையாளாதவர்களைப் போல 2.3 மடங்கு. காலம் பழையது என்பது உண்மை. அதனால்தான் அடுத்ததைப் பார்க்க வேண்டும். 2012-ல் அமெரிக்கச் செவிலியர் நலத் தொடராய்விலிருந்து வந்த முடிவு 1993-க்கும் 2002-க்கும் இடைப்பட்ட கர்ப்பங்களைப் பற்றியது. அதற்குள் மருந்துச் சாரலை இழுத்துக்கொள்ளும் பாதுகாப்புக் கேபினட்டும் வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன. 8461 பேரில் 775 பேருக்கு 20 வாரத்துக்குள் கருச்சிதைவு. வயது, முந்தைய பிரசவங்கள், ஷிப்ட், வேலை நேரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும் புற்றுநோய் மருந்தைக் கையாண்டவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் 12 வாரத்துக்கு முன் நடப்பதில்தான் தெளிவாகத் தெரிந்தது. முன்பு குழந்தை பெறாதவர்களிடம் மூன்றரை மடங்கு. ஆக, நைட் டியூட்டியைக் கழித்த பிறகும் மருந்தின் பங்கு அப்படியே இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். யார் எவ்வளவு கையாண்டார்கள் என்பது அவர்கள் நினைவிலிருந்து சொன்னது, யார் உடலிலும் மருந்தை அளந்து பார்க்கவில்லை. ஆனாலும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு பத்தாண்டுகளில் எடுத்த ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. 2007-ல் நெதர்லாந்து ஆன்காலஜி செவிலியர்களிடம் தோல் வழியே மருந்து படும் அளவை மதிப்பிட்டபோது, அதிகம் பட்டவர்களுக்குக் கருத்தரிக்கவே கூடுதல் காலம் பிடித்தது.

நடைமுறை மாறிவிட்டது என்ற நம்பிக்கைக்கு 2019-ல் வெளியான அமெரிக்கக் கணக்கு பதில் சொல்கிறது. இந்த மருந்தைச் செலுத்திய கர்ப்பிணிச் செவிலியரில் 9 சதவீதம் பேர் கையுறையே போட்டதில்லை, 38 சதவீதம் பேர் கவுன் போட்டதே இல்லை. வசதியுள்ள நாட்டிலேயே இதுதான் நிலை.

மருந்தாளுநர்_கோவை

இன்சார்ஜ் சிஸ்டர், உங்கள் பதிவில் என்னை உறுத்துவது "ஸ்டாஃப் நர்ஸ்களே கலக்கிறார்கள்" என்ற வரிதான். டியூட்டி விதியை விட அவசரமானது அது.

மருந்து உடம்புக்குள் போகிற முக்கிய வழி தோல். கை பட்ட இடத்திலிருந்து வாய்க்கும் போகிறது. மூச்சு வழியே போவது பெரும்பாலும் கலக்கும்போதும் சிந்தும்போதும்தான். சைக்ளோபாஸ்பமைடு 500 மி.கி. வயலை (மருந்துக் குப்பியை) எடுத்துக்கொள்ளுங்கள். 25 மி.லி. நீர் விட வேண்டும். மூடிய வயலுக்குள் அத்தனை நீரை அழுத்தி ஏற்றினால் உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. ஊசியை வெளியே இழுத்ததும் ரப்பர் துளை வழியாகக் கண்ணுக்குத் தெரியாத சாரல் அடிக்கும். அது கேபினட்டுக்குள் நடந்தால் காற்றோட்டம் இழுத்துக்கொள்ளும். மேசையில் நடந்தால் முகம், முழங்கை, மேசை, அடுத்து வருபவர் கைவைக்கும் இடம் எல்லாவற்றிலும் படியும்.

ஆகவே செய்ய வேண்டியவை. ஒன்று, கிளாஸ் 2 பயோசேஃப்டி கேபினட், புகைபோக்கி வெளியே விட்டது. சில இடங்களில் ஐவி கலக்க வாங்கிய கிடைமட்ட லேமினார் ஃப்ளோ மேசையையே கீமோவுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அது மருந்தைக் காக்கும், கலப்பவர் முகத்தின் மேல் காற்றை ஊதும். கீமோவுக்கு அதை ஒருபோதும் தொடக்கூடாது. கேபினட் இருக்கும் அறை வெளி அறையைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஆபத்தான மருந்துகளைக் கையாள்வதற்கான அமெரிக்க யுஎஸ்பி 800 நெறி கேட்பது 2.5-லிருந்து 7.5 பாஸ்கல் வரை, மணிக்குக் குறைந்தது 12 முறை காற்று மாற்றம்.

கேபினட் வாங்க ஆறு மாதம் ஆகும் என்றால், அந்த ஆறு மாதமும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருந்தகத்தில் கலந்து, ஜிப் உறையில் அடைத்து, ஒழுகாத கெட்டிப் பெட்டியில் கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள். அசாசிடிடின் மாதிரி கலந்த கொஞ்ச நேரத்தில் போட வேண்டிய மருந்துகளுக்கு மட்டும் நோயாளியை அங்கேயே அனுப்புவது நல்லது.

கேபினட்டுக்குள்ளும் கவனமான கை வேலை வேண்டும். லூயர் லாக் (ஊசியைத் திருகிப் பூட்டும்) சிரிஞ்ச் மட்டும். சிரிஞ்சை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக்கூடாது, நிரப்பினால் பிஸ்டன் பின்னால் கழன்றுவிடும். வயலுக்குள் விடும் காற்று எப்போதும் எடுக்கப்போகும் திரவத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இழுவிசை இருக்கும். மருந்து வெளியே கசியாமல் மாற்றும் மூடிய கருவி, அதாவது சிஎஸ்டிடி, வாங்க முடிந்தால் நல்லது. பணம் குறைவாக இருந்தால் செலுத்தும் பக்கத்துக்கு முதலில் வாங்குங்கள். யுஎஸ்பி 800 கலப்பதற்கு அதைப் பரிந்துரைக்கிறது, செலுத்துவதற்குக் கட்டாயமாக்குகிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: தொழிற்சாலையிலிருந்து வரும் வயலின் வெளிப்பக்கத்திலேயே மருந்துப் படிவு இருக்கும். பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்குபவருக்கும் கையுறை வேண்டும்.

ஐசிஎன்_மதுரை

செலுத்தும் பக்கம் நான் சொல்கிறேன். வார்டில் தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் அதே நாலைந்துதான்.

கையுறை: கீமோ மருந்துக்கு என்று சோதித்தது, பெட்டியில் ஏஎஸ்டிஎம் டி6978 என்று அச்சிட்டிருக்கும். பவுடர் இல்லாதது. இரண்டு ஜோடி. உள் ஜோடி கவுன் மணிக்கட்டுக்கு உள்ளே, வெளி ஜோடி அதற்கு மேலே. 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கிழிந்தாலோ மருந்து பட்டாலோ உடனே. வினைல் கையுறை கூடவே கூடாது. கார்மஸ்டின், தயோடெபா இரண்டும் நல்ல கையுறையையே சீக்கிரம் ஊடுருவும், பெட்டியின் பின்பக்கத்தில் நிமிடக் கணக்கு போட்டிருப்பார்கள், படியுங்கள்.

கவுன்: சாதாரண ஆபரேஷன் தியேட்டர் கவுன், துணி கவுன், மெல்லிய பாலிப்ரோப்பிலீன் கவுன் எதுவும் மருந்தைத் தடுக்காது. பாலிஎதிலீன் பூச்சு உள்ளது, முன்பக்கம் மூடி முதுகில் கட்டுவது, நீளக் கை, இறுக்கமான மணிக்கட்டு. கவுனோடு டீ குடிக்கப் போவது, நர்சிங் ஸ்டேஷனில் நோட்டு எழுதுவது, இதெல்லாம் மருந்தைச் சுமந்துபோவதுதான். ஆணியில் மாட்டிவைத்து மறுபடி போடக்கூடாது.

முகக்கவசம்: சர்ஜிக்கல் மாஸ்க் இதற்குப் பாதுகாப்பே இல்லை. என்95 நுண்துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது, முகத்தில் தெறிப்பதையும் முழுதாகத் தடுக்காது. தெறிக்க வாய்ப்புள்ள வேலைக்கு முகத்தடுப்பு சேர்த்துப் போடுங்கள்.

ப்ரைமிங் (குழாயின் காற்றை எடுத்து நிரப்புவது): மருந்துப் பையை மாட்டி, குழாய் முனையைக் குப்பைத் தொட்டிக்கு நேராகப் பிடித்துச் சொட்டவிட்டுக் காற்றை எடுப்பது நிற்க வேண்டும். மருந்தகத்தில் மருந்து சேர்க்கும் முன்பே வெறும் சலைனால் குழாயை நிரப்பி அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் தனி சலைன் பாட்டிலிலிருந்து நிரப்பி, அந்த வழியில் மருந்தைப் பக்கவாட்டில் இணையுங்கள். பையை ஸ்டாண்டில் தொங்கவிட்டு, கையைத் தூக்கித் தலைக்கு மேலே குழாயைப் பையில் குத்துவதும் தவறு, தெறித்தால் முகத்தில்தான் விழும். இடுப்பு மட்டத்தில், கீழே பிளாஸ்டிக் அடிப்பாகமுள்ள உறிஞ்சு விரிப்புப் போட்டுக் குத்துங்கள். முடிந்ததும் குழாயைப் பையிலிருந்து பிடுங்காமல் ஒன்றாகவே மஞ்சள் பையில் போடுங்கள். 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி இது செல்நச்சு அடையாளமிட்டு, 1200 டிகிரிக்கு மேல் எரிக்கத் தனியாகப் போக வேண்டிய கழிவு.

கை கழுவுதல்: எல்லோரும் சானிடைசர் பாட்டிலைத் தேடுகிறார்கள். ஆல்கஹால் இந்த மருந்துகளைச் சிதைக்காது, கையில் பரப்பத்தான் செய்யும். சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

ஆன்கோ_சீனியர்

ப்ரைமிங் விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அவசரத்தில் அங்கேதான் வழுக்குகிறது. ஒன்று கேட்கிறேன். மோனோகுளோனல் ஆன்டிபாடிகளுக்கும் (குறிப்பிட்ட இலக்கைத் தாக்கும் புரத மருந்துகள்) இதே கெடுபிடி வேண்டுமா? ட்ராஸ்டுசுமாப், ரிட்டுக்சிமாப் எல்லாம் பெரிய மூலக்கூறு, தோல் வழியே போகாதே.

மருந்தாளுநர்_கோவை

வெறும் ஆன்டிபாடிக்கு இவ்வளவும் தேவையில்லை, வழக்கமான கையுறையும் சுத்தமும் போதும். ஆனால் செல்நச்சு இணைத்த ஆன்டிபாடிகள் வேறு. ட்ராஸ்டுசுமாப் எம்டான்சின், ப்ரென்டுக்சிமாப் வெடோடின் இரண்டும் அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷின் ஆபத்தான மருந்துப் பட்டியலில் இருப்பவை, முழுப் பாதுகாப்போடுதான் கையாள வேண்டும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ட்ராஸ்டுசுமாப் என்று நினைத்து எம்டான்சினை வெறுங்கையில் எடுப்பது நடக்கக்கூடியது. அலமாரியில் தனித்தனியாக வையுங்கள், மேலே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

யாழ்_தாதி

வணக்கம். இங்கு எல்லாரும் கீமோ வாட்டைப் பற்றியே கதைக்கிறீங்கள். கர்ப்பிணித் தாதியரை அங்கிருந்து மாற்றி மகப்பேற்று விடுதிக்கோ, பெண்நோயியல் விடுதிக்கோ அனுப்புவதுதான் வழமை. அங்கேயும் இதே மருந்து இருக்கு. குழாய்க் கர்ப்பத்துக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசி, உடற்பரப்பில் சதுர மீற்றருக்கு 50 மி.கி. தசையில் போடுகிறார்கள். புற்றுநோய்க்குக் குடுக்கிற அதே மருந்து, ஆனால் பெண்நோயியல் விடுதியில் சாதாரண ஊசி மாதிரி வெறுங்கையோட இழுத்து, சிரிஞ்சிலிருக்கிற காத்தை மேலே பார்த்துப் பீச்சிவிட்டுப் போடுகிற வழக்கம் இருக்கு. மிசோப்ரோஸ்டோல் குளிசையை உடைத்துக் கால்வாசி ஆக்குவதும் கர்ப்பிணிக்குக் கூடாது, அந்த மருந்தின் வேலையே கருப்பையைச் சுருங்கச் செய்வதுதான்.

சிறுநீரக மாற்று விடுதியில் மைகோஃபெனோலேற், அசதியோப்ரின், கான்சிக்ளோவிர். வாதநோய் கிளினிக்கில் மெத்தோட்ரெக்சேட் குளிசை. மூக்குக்குழாய் போட்ட நோயாளிக்கு உரலில் இடித்துக் கரைக்கிற நேரம் தூள் எங்கும் பறக்கும். இடிக்கத்தான் வேணும் என்றால் மூடிய பொலித்தீன் உறைக்குள் வைத்து நசுக்குங்கோ. கரையக்கூடியதென்றால் வாய்வழி சிரிஞ்சுக்குள்ளேயே போட்டு நீர் இழுத்துக் கரைக்கலாம்.

கழிவு பற்றியும் சொல்லவேணும். கீமோ முடிந்து குறைந்தது 48 மணித்தியாலம் சிறுநீர், மலம், வாந்தி எல்லாத்திலயும் மருந்து இருக்கும். பெட்பான் எடுக்கிறவருக்கும் இரட்டைக் கையுறை, கவுன், தெறிக்குமெண்டால் முகத்தடுப்பு. மலசலகூடத்தை மூடிவிட்டுத் தண்ணி விடவேணும். படுக்கை விரிப்பு நனைந்திருந்தால் தனி உறையில், அடையாளம் போட்டு, மற்றதோட கலக்காமல் தனியாகத் தோய்க்கவேணும்.

தொழில்நல_மருத்துவர்

யாழ் சகோதரி சொன்ன இடமாற்றப் பொறிக்கு இன்னொன்றும் சேர்க்கிறேன். "லேசான வேலை" என்று கர்ப்பிணிகளைச் சிஎஸ்எஸ்டி (கருவிகளைக் கிருமிநீக்கும்) பிரிவுக்கு அனுப்புவது பல இடங்களில் வழக்கம். அங்கே எத்திலீன் ஆக்சைடு ஸ்டெரிலைசர் இருந்தால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதைதான். நான் மேலே சொன்ன அதே 2012 ஆய்வில் கிருமிநீக்க வேதிப்பொருள்களோடு வேலை பார்த்தவர்களுக்கு 12-லிருந்து 20 வாரத்துக்குள் நடக்கும் கருச்சிதைவு இரண்டு மடங்கு. விதியில் "வேறு வார்டு" என்று எழுதாதீர்கள். எந்தெந்த இடங்களுக்கு அனுப்பலாம் என்று பெயரோடு எழுதுங்கள்.

கேள்வி_கேட்பவள்

ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியாதா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) எடுக்கிறார்கள், நார்மல் என்றால் நிம்மதியாக இருக்கலாமா? ஃபோலிக் ஆசிட் மாத்திரை பாதுகாக்குமா?

தொழில்நல_மருத்துவர்

சிபிசி நார்மல் என்பது கருவுக்குப் பாதுகாப்பு என்பதற்குச் சான்றாகாது. இந்தச் சிறு அளவுகளில் ரத்த அணுக்கள் மாறாது. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் கருத்தரிக்கத் திட்டமிடும் எல்லாப் பெண்களுக்கும் நல்லது, தவறாமல் எடுங்கள். ஆனால் அதைக் கையுறைக்குப் பதிலாக நினைக்கக்கூடாது. மெத்தோட்ரெக்சேட், பெமெட்ரெக்சட் மாதிரி சில தவிர பெரும்பாலான மருந்துகள் ஃபோலேட் வழியில் வேலை செய்வதில்லை.

உடலை அளப்பதைவிட அறையை அளப்பது பயனுள்ளது. மேசை, கேபினட் முன்தளம், ஐவி ஸ்டாண்ட், தரை, தொலைபேசி ஆகிய இடங்களைத் துடைத்துச் சைக்ளோபாஸ்பமைடு எவ்வளவு என்று பார்ப்பது. யுஎஸ்பி 800 ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. சதுர செ.மீ.க்கு 1 நானோகிராமுக்கு மேல் இருந்தால் உடலுக்குள் போவதாகச் சில ஆய்வுகள் காட்டியதை அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

சட்டம்_அறிந்தவர்

விதி எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1961 மகப்பேறு பயன் சட்டத்தின் 4-ம் பிரிவு, கருச்சிதைவுக்கு வழிவகுக்கக்கூடிய வேலையைக் கர்ப்பிணி மறுக்கலாம் என்றது. ஆனால் அந்த உரிமை பிரசவத்துக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதத்துக்கும், அந்த ஆறு வாரத்தில் விடுப்பு எடுக்காத நாட்களுக்கும்தான். டாக்டர் சொன்ன முதல் மூன்று மாதத்துக்கு அதில் ஒரு வரியும் இல்லை. 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது, இதைத் தொடவில்லை. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே வாசகம்தான். கருச்சிதைவுக்குப் பின் ஆறு வார விடுப்பு உண்டு, நடக்காமல் தடுக்கும் உரிமை இல்லை. ஆகவே நிறுவனத்தின் உள்விதியே இப்போதைக்குக் கவசம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் தன் புற்றுநோய்க் காரணிகள் வழிகாட்டு நெறியை இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் பொருள்களுக்கும் விரித்தது. இங்கே அப்படி ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் பாருங்கள். "கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குக் கீமோ டியூட்டி இல்லை" என்று எழுதினால் அவர்கள் வேலைவாய்ப்பும் சிறப்புப் படியும் போய்விடும். ஈய பேட்டரித் தொழிற்சாலை ஒன்று இப்படிச் செய்ததை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல், ஜான்சன் கன்ட்ரோல்ஸ் வழக்கில், பாகுபாடு என்று தள்ளியது. கேட்பவருக்கு மாற்றுப் பணி, சம்பளமும் பணிமூப்பும் குறையாமல், காரணம் கேட்காமல். இப்படி எழுதினால் இரண்டு பக்கமும் நிற்கும்.

டேகேர்_இன்சார்ஜ்

மிக்க நன்றி. வரைவை இப்படி மாற்றியிருக்கிறேன், திருத்துங்கள்:

"கருவுற்றவர், கருத்தரிக்க முயல்பவர் (ஆண், பெண் இருவரும், 3 மாதம் முன்பிருந்து), தாய்ப்பால் கொடுப்பவர் கேட்டால், காரணம் கூறாமலே, ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் மாற்றுப் பணி தரப்படும். மாற்றுப் பணியிடங்கள்: புறநோயாளர் பதிவு, தடுப்பூசிப் பிரிவு, கீமோ நோயாளிகளுக்கான தொலைபேசி ஆலோசனை. மருந்து கலப்பது பயோசேஃப்டி கேபினட்டில் மட்டும், மருந்தாளுநரால் மட்டும். எந்த அறிவிப்பும் தராதவர் உட்பட எல்லோருக்கும் இரட்டைக் கையுறையும் பூச்சுக் கவுனும் கட்டாயம்."

சிந்தினால் யார் துடைப்பது என்று இன்னும் எழுதவில்லை.

ஐசிஎன்_மதுரை

நன்றாக வந்திருக்கிறது. ஒரு பெரிய விடுபடல்: விதியில் "செவிலியர்" மட்டும் இருக்கிறார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அக்காமார்தான் பெட்பானும் குப்பையும் தரையும் தொடுகிறார்கள். அவர்களிலும் இளம் பெண்கள் நிறைய. மாற்றுப் பணியும் கையுறையும் அவர்கள் ஒப்பந்தத்திலும் எழுத்தில் வர வேண்டும், ஏஜென்சியிடம் விட்டால் நடக்காது.

சிந்துதலுக்குப் பயிற்சி பெற்றவர் மட்டும். கிட் அறைக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியும்படி: இரண்டு ஜோடி கீமோ கையுறை, கவுன், காலணி உறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி, ஆவியையும் துகளையும் தடுக்கும் வடிகட்டிக் கவசம், உறிஞ்சு விரிப்பு, கண்ணாடித் துண்டு அள்ளக் கரண்டி, கூர்முனைப் பெட்டி, இரண்டு கெட்டி மஞ்சள் பை, எச்சரிக்கைப் பலகை. முதலில் ஆட்களை விலக்குங்கள். விரிப்பைச் சிந்தியதன் மேல் மெதுவாகப் படரவிடுங்கள், திரவத்தைப் பீய்ச்சாதீர்கள். விளிம்பிலிருந்து நடுவுக்குத் துடையுங்கள், நடுவிலிருந்து வெளியே துடைத்தால் பரவும். 2 சதவீத ஹைப்போகுளோரைட் பல மருந்துகளைச் சிதைக்கும், ஆனால் எல்லாவற்றையும் சிதைக்கும் ஒரே திரவம் கிடையாது. அதனால் அதற்குப் பின் சோப்புத் தண்ணீரால் துடைத்து எடுப்பதும் கட்டாயம். எஃகு மேசையில் ஹைப்போகுளோரைட்டை அப்படியே விட்டால் அரிக்கும், தயோசல்பேட்டாலோ தண்ணீராலோ துடைத்தெடுங்கள்.

தோலில் பட்டால் உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுதல், கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர். மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி, பட்டவர் கையில் ஒரு நகல் கொடுங்கள். அவர் கருவுற்றிருப்பது இரண்டு வாரம் கழித்துத் தெரியவந்தால், மகப்பேறு மருத்துவரிடம் காட்ட அவரிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.